பேரீச்சம்பழத்துக்குப் போகும் இரும்பு

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருத்தெருவாகக் கூவிக்கொண்டு போன தள்ளுவண்டிக்காரர்கள், தமிழர்கள் மனதில் ஒரு விலைப்பட்டியலை நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டார்கள். பழைய இரும்பா? ஒரு கை பேரீச்சம்பழம். அவ்வளவுதான் மதிப்பு. ஓட்டை வாளிக்கும் அறுந்த சைக்கிள் செயினுக்கும் அந்தக் கணக்கு சரி. அதையே வீட்டு ஜிம்முக்கு வாங்கும் வெயிட் பிளேட்டுக்கும் போடுகிற புத்திசாலிகள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களோடு சண்டை போடுவதற்காக.

வழக்கமாக நடப்பது இதுதான். செமஸ்டர் லீவு விட்டதும் ஒரு பையனுக்கு உடம்பு தேற்ற வேண்டும் என்று ஞானோதயம் பிறக்கிறது. மாதாமாதம் ஜிம்முக்குப் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. மொட்டை மாடியிலோ ஹாலின் ஒரு மூலையிலோ கொஞ்சம் இடம் இருக்கிறது. பிளேட் வாங்கலாம் என்று முடிவாகிறது. "தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பழைய பிளேட் 60 கிலோ விக்கிறாராம்" என்று அவன் ஆரம்பித்தால் போதும், வீடே கூடிவிடும். "எவனோ வேர்வை சிந்தினதை ஏன்டா காசு கொடுத்துக் கொண்டாந்து வைக்கிற?" என்று அம்மா. "வாங்குறதுதான் வாங்குற, புதுசா வாங்கு" என்று அப்பா. "இரும்பு சனி பகவானுக்கு உரியது, பழைய இரும்பை வீட்டுக்குள்ள விடாதே" என்று பாட்டி. (சனிக்கிழமைதானே ஆகாது, ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் பாட்டி!) கடைசியில் அட்டைப்பெட்டியில் வெளிநாட்டு பாடிபில்டர் படம் போட்ட, பளபளவென்று கறுப்புப் பிளாஸ்டிக் உறை போர்த்திய 20 கிலோ "ஹோம் ஜிம் செட்" ஒன்று வீட்டுக்கு வந்து சேரும். எல்லோருக்கும் திருப்தி. உள்ளே இருப்பது சிமெண்டு என்பது உறை கிழிகிற நாளில்தான் தெரியும்.

புதுசு மேல் இருக்கும் இந்த மோகம் யாருக்கு லாபம் என்று யாருமே கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போமா?

வெயிட் பிளேட் செய்யும் வேலை என்ன? கனமாக இருப்பது. அதைத் தவிர ஒன்றுமில்லை. அதில் மோட்டார் இல்லை, பேரிங் இல்லை, ஸ்பிரிங் இல்லை, தேய்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. பழைய பைக்கின் பிரேக் ஷூவை வாங்கி மாட்டாதே என்று யாராவது சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. உரசித் தேய்வதே பிரேக் ஷூவின் வேலை. தேய்ந்தால் அது வேலை செய்யாது, உயிருக்கே ஆபத்து. பிளேட் எதோடும் உரசுவதில்லை. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மனிதன் மேலே தூக்குகிறான். பூமி இழுக்கிற இழுப்புக்குப் பழசு புதுசு தெரியாது. பத்து வருடம் ஒருவன் தூக்கிய 10 கிலோ பதினோராவது வருடமும் 10 கிலோதான். தூக்கித் தூக்கி எடை குறைவதற்கு அது என்ன தூக்கியவனின் தொப்பையா? :-)

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. "புத்தம் புது" வார்ப்பிரும்பு பிளேட் எதிலிருந்து வருகிறது? வார்ப்படப் பட்டறையில் கட்டி இரும்போடு பழைய இரும்பையும் உலையில் போட்டுத்தான் உருக்குகிறார்கள். கோயம்புத்தூரில் பம்பு செட்டுக்கும் மோட்டாருக்கும் உறுப்புகள் வார்க்கும் பட்டறைகள் நிறைய உண்டு. பழைய இரும்பு என்பது குப்பையல்ல, மூலப்பொருள் என்று அங்கே வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதாவது பேரீச்சம்பழத்துக்குப் போன இரும்பு உலையில் குளித்து, மணல் அச்சில் படுத்து, பெயிண்ட் பூசிக்கொண்டு, "புதுசு" என்ற பெயரில் அதே வீட்டுக்குத் திரும்பி வரக்கூடும். வார்ப்பிரும்பு உருக 1150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஏற்கெனவே வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும் ஒன்றை அவ்வளவு நெருப்பில் உருக்கி, மறுபடியும் வட்டமாக, நடுவில் ஓட்டையோடு வார்த்து வாங்குவதற்குத்தான் ஜனங்கள் அதிகப்படி காசு கொடுக்கிறார்கள்.

புது வார்ப்பிரும்பு வாங்குகிறவர்களாவது பரவாயில்லை. காசு கூடப் போனாலும் கைக்கு வருவது இரும்பு. சிமெண்டு வாங்குகிறவர்கள் கதைதான் பரிதாபம். வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.2 கிராம். சிமெண்டுக் கலவை சுமார் 2.4 கிராம்தான். அதாவது அதே எடைக்கு மூன்று மடங்கு பருமன். 28 செ.மீ. விட்டமுள்ள 10 கிலோ இரும்பு பிளேட் ஏறக்குறைய 2.25 செ.மீ. தடிமன் இருக்கும். அதே விட்டத்தில் சிமெண்டு என்றால் 6.75 செ.மீ. ஆகிவிடும். கம்பியின் ஒவ்வொரு முனையிலும் பிளேட் மாட்ட 20 செ.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு பிளேட் ஒரு பக்கத்துக்கு 8 மாட்டலாம். சிமெண்டு 2 மாட்டினாலே முடிந்தது, மூன்றாவதை மாட்டினால் லாக் போட இடமிருக்காது. சிமெண்டு வாங்கியவனின் உச்சவரம்பு இரண்டு பக்கமும் சேர்த்து 40 கிலோ. அவன் பலம் அதைத் தாண்டினாலும் அவன் கம்பி தாண்டாது. இந்த விஷயத்தை எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

மாடியிலிருந்து இறக்கும்போது ஒருமுறை கைநழுவினால் உறை கிழிந்து உள்ளே இருப்பது பொடிப்பொடியாகக் கொட்ட ஆரம்பிக்கும். அன்றிலிருந்து பயிற்சிக்கு முன்னும் பின்னும் துடைப்பம் எடுக்க வேண்டும். விற்கலாம் என்று போனால் அதற்குப் பேரீச்சம்பழம்கூடக் கிடைக்காது. இரும்புக்கு அடிமட்ட விலை ஒன்று எப்போதும் உண்டு. யாருமே வாங்காவிட்டாலும் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். சிமெண்டு பிளேட்டைக் குப்பை வண்டிக்காரர்கூட முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்.

சரி, எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம்.

முதல் ஆட்சேபம், துரு. "பழசு துருப்பிடித்திருக்கும், எடை குறைந்திருக்கும்" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இதைச் சொல்வதில்லை. மேலே சொன்ன 10 கிலோ பிளேட்டின் மேற்பரப்பு, இரண்டு முகமும் விளிம்பும் சேர்த்து, சுமார் 1430 சதுர சென்டிமீட்டர். நோட்டுத்தாள் ஒன்றின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.1 மி.மீ., எல்லாப் பக்கமும் துரு அரித்துத் தின்றுவிட்டது என்றே வையுங்கள். போனது சுமார் 14 கன சென்டிமீட்டர், எடையில் 100 கிராம். 10 கிலோவில் 100 கிராம்! கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, உப்புத்தாளால் ஒருமுறை இழைத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், கறுப்பு எனாமல் ஒரு கோட் அடித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். அது புது பிளேட் வாங்கியவர்களுக்கும் உண்டு. உப்புக் காற்று பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. அம்மா சொன்ன வேர்வைக்கும் இதுவே பதில். தேய்த்துக் கழுவிப் பெயிண்ட் அடித்த பிறகு அடுத்தவன் வேர்வை எங்கே இருக்கும்?

இரண்டாவது ஆட்சேபம், எடை சுத்தம். "புதுசு என்றால் 10 கிலோ சரியாக 10 கிலோ இருக்கும்." இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை பாட்டியின் சனி பகவான் விவகாரத்தில்கூட இல்லை. மணல் அச்சில் வார்த்து அப்படியே பெயிண்ட் அடித்து அனுப்பும் சாதாரண பிளேட்டில் சில சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம், அது நேற்று வார்த்ததாக இருந்தாலும். மளிகைக் கடை எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்கும். ஜிம் பிளேட்டில் இருக்கும் எண்ணுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. எடை சுத்தம் யாருக்கு வேண்டும் என்றால் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த மாதிரி மேடையில் 5 கிலோவுக்கு மேற்பட்ட பிளேட் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது, 0.05 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 10 கிலோ பிளேட்டில் 10 கிராம் கூடலாம், 5 கிராம் குறையலாம், அவ்வளவுதான் சலுகை. அந்தத் தரத்தில் செய்த பிளேட்டின் விலையைக் கேட்டால் மொட்டை மாடி பயில்வானுக்கு மயக்கம் வந்துவிடும். வீட்டில் தூக்குகிறவனுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. கம்பியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். போன மாதம் தூக்கிய அதே பிளேட்டோடு இந்த மாதம் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தூக்க வேண்டும். "10" என்று எழுதிய பிளேட் 9.7 கிலோவே இருந்தாலும் தசை கோர்ட்டுக்குப் போகாது.

மூன்றாவது, "புதுசாக வாங்கினால்தான் செய்ய வேண்டும் என்ற ஆர்வம் வரும்." வரும், யார் இல்லை என்றார்கள்? பெயிண்ட் வாசனை போகும்வரை வரும். ஊரில் எத்தனை வீட்டில் டிரெட்மில் துணி காயப்போடும் கொடியாக மாறியிருக்கிறது? அத்தனையும் புதுசாக வாங்கியவைதானே? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஜிம்கள் மூடியபோது பிளேட்டுக்கும் டம்பெல்லுக்கும் தட்டுப்பாடு வந்து, சொன்ன விலைக்கு வாங்கினார்கள். அந்த ஆகஸ்டில் ஜிம்கள் மறுபடி திறக்க ஆரம்பித்ததும் அதில் எத்தனை கட்டிலுக்கு அடியில் போனது என்பது கட்டிலுக்குத்தான் தெரியும். ஆர்வம் புதுசாக வாங்கியவனையும் ஏமாற்றிவிட்டுப் போகும். அப்படிப் போகிற ஆர்வத்துக்கு முழு விலை ஏன் கொடுக்க வேண்டும்?

இந்த மண்ணில் உடம்பு வளர்த்தவர்கள் யாரும் புதுசு கேட்டதில்லை. தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கிறதே, அதைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் போடுகிறவன்தான் இளவட்டம். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் இன்றும் அதற்குப் போட்டி நடக்கிறது. அப்பன் தூக்கிய கல்லைத்தான் மகன் தூக்குகிறான். "இது தாத்தா காலத்துக் கல்லு, எனக்குப் புதுசா ஒண்ணு செதுக்கிக் கொடுங்க" என்று எந்த மாப்பிள்ளையாவது கேட்டால் ஊர் சிரிக்காதா? நாலு தலைமுறை தூக்கியது என்பதுதான் அந்தக் கல்லுக்கே மரியாதை. இரும்பு என்று வந்ததும் மட்டும் அது எப்படி அவமானம் ஆனது?

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பழசாக வாங்கப் புறப்பட்டுவிடக் கூடாது. அங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரே விதியை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்: தரையில் கிடப்பது பழசாக இருக்கலாம், தலைக்கு மேல் நிற்பது புதுசாக இருக்கட்டும்.

கம்பி, பெஞ்ச், கம்பியைத் தாங்கும் ஸ்டாண்டு, பிளேட் கழன்று விழாமல் பிடிக்கும் லாக், இந்த நாலும் வேறு ஜாதி. மல்லாக்கப் படுத்து மார்புக்கு மேல் கம்பியைத் தூக்குகிறவனின் கழுத்துக்கும் அந்த இரும்புக்கும் நடுவே இருப்பது ஸ்டாண்டின் வெல்டிங்கும் அவன் கையும்தான். வெல்டிங்குக்குள் இருக்கும் விரிசல் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எவனோ அளவுக்கு மீறி ஏற்றி வளைத்த கம்பியைத் தரையில் உருட்டினால்தான் ஆட்டம் தெரியும். இவற்றில் பழசு வாங்கி மிச்சம் பிடிப்பது, ஹெல்மெட்டில் மிச்சம் பிடிப்பது மாதிரி. ஜனங்கள் செய்வது என்னவென்றால் இதற்கு நேர் தலைகீழ். பிளேட்டைப் பளபளவென்று புதுசாக வாங்கிப் பணத்தையெல்லாம் அதில் கொட்டிவிட்டு, ஸ்டாண்டுக்குக் காசில்லாமல் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை வைத்துச் சமாளிக்கிறார்கள்! பிளேட்டில் மிச்சமாகிற பணம் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ரப்பர் பிளேட் இன்னொரு விதிவிலக்கு. தலைக்கு மேல் தூக்கி அப்படியே கீழே போடுவதற்காகச் செய்த முழு ரப்பர் பிளேட் அடி வாங்குவதற்கென்றே பிறந்தது, ஆகவே அது உண்மையிலேயே கிழடாகும். ரப்பர் வெடிக்கும், நடுவில் இருக்கும் இரும்பு வளையம் ஆட ஆரம்பிக்கும். இரும்பின் மேல் ரப்பர் போர்த்திய பிளேட்டில் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடித்திருக்கும். பழசு வாங்குகிறவர்கள் மூடாத இரும்பாக வாங்குவதே உத்தமம். ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை.

வாங்கப் போகும்போது பார்க்க வேண்டியது நாலே விஷயம்.

ஒன்று, ஓட்டை. மெல்லிய கம்பிக்கான பிளேட்டில் ஓட்டை சுமார் 1 அங்குலம், ஒலிம்பிக் வகையில் சுமார் 2 அங்குலம். ஒன்று இன்னொன்றில் பொருந்தாது. அளக்காமல் வாங்கினால் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும். எந்த வகைக் கம்பி என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிளேட்டைத் தேட வேண்டும்.

இரண்டு, விரிசல். வார்ப்பிரும்பு கெட்டி, ஆனால் வளைந்து கொடுக்காது. சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டால் விரிசல் விடும். மண்பானை வாங்கும்போது அம்மாக்கள் என்ன செய்கிறார்கள்? தட்டிப் பார்க்கிறார்கள். அதே வித்தைதான். ஓட்டையில் கயிறு கோர்த்துத் தொங்கவிட்டு ஒரு ஸ்பேனரால் தட்டினால் நல்ல பிளேட் கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது "டப்" என்று செத்த சத்தம் போடும். அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மூன்று, தராசு. பிளேட்டில் எழுதிய எண்ணுக்குக் காசு கொடுக்காமல் தராசு காட்டும் எண்ணுக்குக் கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கினால் தராசு அங்கேயே இருக்கிறது. ஆளிடம் நேராக வாங்கினால் பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார். எடை நெருங்கி வருகிற இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துப் பொறுக்கி, ஜோடிக்குச் சாக்பீஸால் ஒரே அடையாளம் போட்டுவிட்டால் கம்பி ஒரு பக்கம் சாயாது.

நான்கு, வந்த வழி. ஏதோ ஒரு ஜிம்மின் பெயர் பொறித்த பிளேட் மலிவாகக் கிடைத்தால் "இது எங்கேர்ந்து வந்துச்சுண்ணே?" என்று கேட்பதில் தப்பில்லை. மூடிய ஜிம்மிலிருந்து வந்தது என்றால் சரி. மழுப்பினால் நடையைக் கட்டலாம். திருட்டு இரும்பை வாங்கி வளர்க்கும் உடம்பு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரத்தான் உதவும்.

விலையை எப்படிப் பேசுவது? மேலே புது இரும்பு பிளேட்டின் கிலோ விலை, கீழே பழைய இரும்புக் கடைக்காரர் கொடுக்கிற கிலோ விலை, இரண்டையும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். விற்பவருக்குக் கடைக்காரர் கொடுப்பதைவிடக் கூடக் கிடைத்தால் லாபம். வாங்குபவனுக்குப் புதுசைவிட மூன்றில் ஒரு பங்காவது குறைந்தால் லாபம். இந்த இடைவெளிக்குள் எங்கே முடிந்தாலும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரியலாம். "இது பிராண்டு, தம்பி" என்று புது விலையே கேட்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம். பிராண்டு பெயர் எத்தனை கிலோ என்று தராசு சொல்லாது.

இதில் ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிப்பது மட்டும் பிரச்சினை இல்லை. படிக்கிற பையனோ பொண்ணோ கையில் வைத்திருப்பது ஒரே ஒருமுறை வீட்டில் கேட்டு வாங்கிய பணம். அதில் பளபளப்பாக 20 கிலோ வாங்கினால் சில மாதத்தில் அந்த 20 கிலோ லேசாகிவிடும். கூட்டிப் போட பிளேட் இருக்காது. மறுபடி வீட்டில் காசு கேட்க முகம் இருக்காது. முன்னேற்றம் அங்கே நின்றுபோகும், அப்புறம் பயிற்சியும். "அவன் சோம்பேறி, விட்டுட்டான்" என்று வீடு சொல்லும். அவன் சோம்பேறி இல்லை, அவனிடம் எடை தீர்ந்துபோனது, அவ்வளவுதான். அதே பணத்தில் துருப்பிடித்த இரும்பாக அதைவிடக் கூடுதலாக வாங்கியவன் இன்னும் தூக்கிக்கொண்டிருப்பான். மீந்த காசில் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கித் தின்பான். உடம்பு வளர்வது அதில்தான், பெயிண்டில் இல்லை.

எல்லோரும் பழசையே வாங்கினால் பட்டறைத் தொழிலாளி என்ன ஆவார் என்று உருகுகிறவர்களும் உண்டு. பம்பும் மோட்டாரும் வால்வும் வார்க்கிற கைகள் மொட்டை மாடி பயில்வான்களை நம்பிப் பிழைக்கவில்லை. அவ்வளவு அக்கறை இருந்தால் உறை போட்ட சிமெண்டை விட்டுவிட்டு இரும்பு பிளேட்டைப் புதுசாகவே வாங்கட்டுமே. அந்தத் தொழிலாளிக்கு வயிற்றில் அடிப்பது சிமெண்டுதான், பழைய இரும்பு அல்ல.

ஆகவே, படிப்பு முடிந்து ஊருக்குப் போகிற சீனியர் ரூமைக் காலி செய்யும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். எதிர் வீட்டில் ஜிம் ஆசை விட்டுப்போன அண்ணன் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பேரீச்சம்பழம் வேண்டுமென்றால் கடையில் காசு கொடுத்தே வாங்கித் தின்னலாம், ரத்தத்துக்கு நல்லது என்பார்கள். அதற்காக இரும்பைக் கொடுக்க வேண்டாம்.

பி.கு.: 60 கிலோவையும் ஒரே நடையில் மாடிக்கு ஏற்றி அன்றைக்கே பயில்வான் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள், முதுகு மட்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.